பை வெளியே, வாசகர் உள்ளே

“படித்து முடித்த நூலை மீண்டும் அடுக்கில் வைக்க வேண்டாம். மேசையிலேயே விட்டுச் செல்லவும்.” பெரிய நூலகங்கள் பலவற்றில் இப்படி ஒரு சிறு அறிவிப்பு ஒட்டியிருக்கும். எடுத்ததை எடுத்த இடத்தில் வை என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்தவருக்கு இது விநோதமாகப் படும். நூலகருக்கு ஏன் வீண் வேலை என்று நினைத்துத் தானே அடுக்கில் செருகிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். பக்கம் கிழிப்பவருக்கு அடுத்தபடியாக நூலகர் அஞ்சுவது இந்த நல்லவர்களுக்குத்தான்.

காரணம் நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணில் இருக்கிறது. டியூயி பகுப்பு முறையில் தமிழ்க் கவிதைக்கு 894.8111, தமிழ்ப் புனைகதைக்கு 894.8113. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் கவிதைத் தொகுப்பு நாவல்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். பதிவேடு “இருக்கிறது” என்று சொல்லும். தேடி வந்தவர் கைக்குக் கிடைக்காது. அடுத்த இருப்புச் சரிபார்ப்பில் யாராவது ஒவ்வொரு நூலாகக் கையிலெடுத்துப் பார்க்கும்வரை அது கட்டடத்துக்குள்ளேயே தொலைந்த நூல்தான். இன்னொரு காரணமும் உண்டு. இரவல் போகும் நூலுக்குத் தேதிச் சீட்டில் முத்திரை விழுகிறது. அங்கேயே உட்கார்ந்து படித்த நூலுக்கு எந்தத் தடயமும் இல்லை. மேசையில் கிடக்கும் நூல்களை மாலையில் எண்ணினால்தான் எது புழங்குகிறது என்று தெரியும். எதை இன்னொரு படி வாங்குவது, எதைக் கழிவு செய்வது என்ற முடிவு அந்த எண்ணிக்கையைப் பார்த்தும் எடுக்கப்படுகிறது. அடுக்கில் திருப்பி வைக்கிறவர், தான் படித்த நூலுக்கு எதிராகவே வாக்களித்துவிட்டுப் போகிறார்.

நூலகப் பலகையில் உள்ள விதிகள் எல்லாம் “கூடாது” என்ற ஒரே குரலில்தான் பேசுகின்றன. அவற்றின் பிறப்பைத் தேடிப் போனால் இரண்டு வெவ்வேறு குலம் தெரியும். சில விதிகள் அடுத்து வரப்போகும் வாசகருக்காகப் பிறந்தவை. வேறு சில, நூல் தொலைந்தால் யார் தலையில் விழும் என்ற அச்சத்தில் பிறந்தவை. பலகையில் இரண்டுக்கும் ஒரே வண்ணம், ஒரே அளவு எழுத்து.

பையை வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்லும் விதி எந்தக் குலம்? கேட்டவுடன் அச்சத்தின் குலம் என்றுதான் தோன்றும். வாசகரைத் திருடராகப் பார்க்கும் விதி என்று அதன்மேல் பலருக்கும் மனத்தாங்கல் உண்டு. வரலாறு வேறு கதை சொல்கிறது.

ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் பைக்குத் தடை தேவைப்படவில்லை. நூலே சங்கிலியில் கிடந்தது. இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் அப்படிச் சங்கிலி கோத்த நூல்களை அடுக்கோடு இன்றும் பார்க்கலாம். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் நூலை வெளியே கொடுப்பதில்லை என்பது நிறுவனர் காலத்து விதி. 1645இல் உள்நாட்டுப் போரின்போது அந்த நகரில் தங்கியிருந்த மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு வரலாற்று நூலை இரவல் கேட்டு ஆள் அனுப்பினார். நூலகர் விதிப் புத்தகத்தைக் காட்டி மறுத்தார், மன்னரும் ஏற்றுக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்து, அதே மன்னரின் எதிரியான கிராம்வெல் கேட்டபோதும் அதே பதில்தான். ஆள்வோர் மாறினாலும் விதி மாறவில்லை. அந்த நூலகத்தில் புதிதாகச் சேர்பவர் இன்றும் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். உள்ளே நெருப்பு மூட்ட மாட்டேன் என்பது அதில் ஒன்று. கேட்கச் சிரிப்பு வரலாம். குளிருக்குக் கணப்பும் வெளிச்சத்துக்கு மெழுகுவத்தியும் மட்டுமே இருந்த காலத்தில் அது உயிர்நிலையான விதி.

பொது நூலகங்கள் வந்த பிறகும் வாசகரின் கை அடுக்கைத் தொடவில்லை. 1850இல் பிரிட்டன் பொது நூலகச் சட்டம் இயற்றியது. அடுத்த பல ஆண்டுகளுக்கு நூல்கள் கவுன்ட்டருக்குப் பின்னால்தான் இருந்தன. ‘இன்டிகேட்டர்’ என்ற பெரிய பலகையில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண், எண்ணருகே நிறம். நிறத்தைப் பார்த்து நூல் உள்ளே இருக்கிறதா வெளியே போயிருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். நூலைப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. 1894இல் லண்டனின் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் என்ற நூலகர் தடுப்பை நீக்கி வாசகர்களை அடுக்குகளுக்கு நடுவே அனுப்பினார். சக நூலகர்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு கிளம்பியது: நூல்கள் திருட்டுப் போகும், அடுக்குகள் குலையும், பொதுமக்களுக்கு நூலைக் கையாளத் தெரியாது. பிரவுன் ஒரு சமரசம் செய்தார். உள்ளே நுழைய ஒரு சிறு வாயில், வெளியேற இன்னொன்று, இரண்டும் நூலகரின் கண்ணுக்கு எதிரே. நுழைந்தபின் வாசகர் தன் இஷ்டம்போல் உலவலாம்.

ஒரே வாசல், வாசலில் பதிவேடு, பைக்குத் தனி அடுக்கு என்று நம் ஊர் நூலகங்களில் இன்று பார்க்கும் ஏற்பாடுகளின் பூர்வீகம் இதுதான். அடுக்கைத் தொட விடாத நூலகத்தில் பையைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. தொட விட்டதற்கு விலையாகக் கேட்கப்பட்டதுதான் அந்தப் பை.

அந்தச் சுதந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். ஆளரவமில்லாத அறையில் உட்கார்ந்திருப்பது பிடிக்காமல், வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டதும், முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பிவைக்கப்பட்டதும் நூலகத் துறையில் எல்லோரும் அறிந்த கதை. லண்டனில் படித்ததோடு, அந்த நாட்டின் பொது நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து அடுக்குகளைத் திறந்துவிட்டார். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகவியல் மாணவர்களுக்குப் பாடமாயின. அவற்றில் ஒன்றுகூட வாசகரைப் பார்த்து “கூடாது” என்று சொல்லவில்லை. நூல் பயன்படுவதற்காக இருக்கிறது, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்ற போக்கில், எல்லாமே நூலகத்தைக் கட்டுப்படுத்துபவை. அதே ரங்கநாதன், அடுக்குகளைத் திறந்துவிடும் நூலகத்தில் சன்னல்களுக்குக் கம்பிவலை வேண்டும், போக வர ஒரே வாயில் வேண்டும் என்பதிலும் கறாராக இருந்தார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. வாசலில் ஒருமுறை காவல் வைத்துவிட்டால் உள்ளே யாரையும் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

சென்னை எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் இந்தப் பாதையில் மெதுவாகத்தான் நடந்தது. முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். வீட்டுக்கு நூல் தரத் தொடங்கியது 1930இல். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. அதனால் ஒரே கூரையின் கீழ் இரண்டு சட்டங்கள் அங்கே நடக்கின்றன. இரவல் பிரிவின் நூல் வீட்டுக்கு வரும், மழையில் நனையும், கிழியும், ஒருநாள் கழிவாகும். ஒப்படைப்பில் வந்த படி கட்டடத்தைத் தாண்டக் கூடாது. ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஆய்வாளருக்கு அது ஒன்றே சாட்சியாக இருக்கக்கூடும். ஒரே நூல் இங்கே கிடைக்கிறது, அங்கே மறுக்கிறார்களே என்று கோபப்படும் வாசகருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்குவதில்லை. பலகையில் “குறிப்புதவி நூல்கள் இரவல் தரப்பட மாட்டாது” என்ற ஒற்றை வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இனி அச்சத்தின் குலத்துக்கு வருவோம்.

நூலுக்குள் சில பக்கங்களில் நூலகத்தின் முத்திரை இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். முகப்புப் பக்கம் கிழிந்து போனாலும் நூல் யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதால், நடுவே ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் சேர்க்கை எண்ணை எழுதி வைப்பது பல நூலகங்களின் வழக்கம். ‘ரகசியப் பக்கம்’ என்பார்கள். எந்தப் பக்க எண் என்பதை ஒவ்வொரு நூலகமும் தானே முடிவு செய்துகொள்கிறது. எல்லா நூலுக்கும் அதே பக்கம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூலைப் புரட்டும்போது, நடுவில் எங்கோ மசியில் எழுதிய எண் ஒன்று தலைகாட்டினால், அந்த நூலின் பூர்வ கதையை ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தனை முன்ஜாக்கிரதைக்குப் பின்னால் நிற்பவர் தணிக்கையாளர். நாற்காலி, மேசை, பீரோவைப் போல நூலும் அரசுச் சொத்து. இருப்புச் சரிபார்ப்பில் பத்து நாற்காலிக்கு ஒன்பது இருந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். நூலுக்கும் அதே கணக்கு பொருத்தப்பட்டது. தொலைந்த நூலின் விலையைத் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டி வரும் என்ற பயம் இருக்கும் நூலகர் எப்படி நடந்துகொள்வார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். நல்ல நூல்களைப் பூட்டிய கண்ணாடி பீரோவில் வைப்பார். கேட்டால் சாவி இல்லை என்பார்.

உண்மையில் மத்திய அரசின் பொது நிதி விதிகள் நூலை நாற்காலியாகப் பார்க்கவில்லை. இரவல் போன அல்லது எடுத்துப் படிக்கப்பட்ட நூல்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது இயல்பான இழப்பு என்று அவை ஒப்புக்கொள்கின்றன. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரணை. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகம் ஆண்டுதோறும் முழு இருப்பையும் சரிபார்க்க வேண்டும். 50,000 வரை என்றால் மூன்றாண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பே போதும். இந்த அளவில் பார்த்தால், ஆண்டுக்கு 20,000 முறை நூல் கைமாறும் ஒரு நூலகத்தில் நூறு நூல்கள் காணாமல் போவது குற்றமில்லை. கூர்ந்து பார்த்தால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இழப்பு இருப்பின் அளவை வைத்துக் கணக்கிடப்படவில்லை, புழக்கத்தின் அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதிகம் கொடுக்கும் நூலகர் அதிகம் இழக்கலாம். பூட்டி வைப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. மத்திய அரசு நூலகங்களுக்காக எழுதப்பட்ட இந்த விதி, ஒவ்வொரு கிளை நூலகத்தின் சுவரிலும் ஒட்டத் தகுந்தது.

உறுப்பினரிடம் வாங்கும் காப்புத்தொகையின் வேரும் இந்த அச்சத்தில்தான். 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் பிறந்த முதல் நூலகச் சட்டம். அதற்கான கருத்தைப் பல ஆண்டுகள் சுமந்தவர் ரங்கநாதன். கல்வி அமைச்சராக இருந்து சட்டமாக்கியவர் தி.சு. அவினாசிலிங்கம். நூலகத்துக்கென்று தனி வரி விதித்ததுதான் அதன் உயிர்நாடி. இன்று தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி. 2,000 ரூபாய் சொத்து வரி கட்டும் வீடு 200 ரூபாயை நூலகத்துக்குக் கொடுக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவரும் வாடகை வழியாகக் கொடுக்கிறார். இப்படி முன்பணம் கட்டிவிட்டவர் உறுப்பினராகச் சேரும்போது காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் தனியாகக் கட்ட வேண்டும். தொகை சிறியது, ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட வராது. தடையாக நிற்பது பெரும்பாலும் தொகையும் இல்லை. படிவமும் முகவரிச் சான்றும்தான். கட்டடத் தொழிலுக்காக ஊர் ஊராகப் போகும் குடும்பத்தின் பிள்ளை முகவரிச் சான்றுக்கு எங்கே போகும்? நூலகம் கேட்கும் காகிதங்களைக் கொடுக்க முடியாதவருக்குத்தான் இலவச நூல் எல்லோரையும்விட அதிகம் தேவைப்படுகிறது.

தாமத அபராதத்தைப் பற்றி உலகம் அண்மையில் கற்றுக்கொண்டதும் ஏறக்குறைய இதுவே. 2019 அக்டோபரில் சிகாகோ பொது நூலகம் தாமத அபராதத்தை அடியோடு நீக்கியது. நூல்கள் திரும்பாது என்று அஞ்சியவர்களுக்கு ஆச்சரியம் காத்திருந்தது: அடுத்த சில வாரங்களில் திரும்பி வந்த பழைய நூல்கள் இரு மடங்குக்கு மேல் கூடின. அபராதத்துக்குப் பயந்து நூலையும் கொண்டுவராமல், நூலகப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தவர்கள் அவர்கள். நியூயார்க் 2021இல் அதே வழியில் போனது. 15 டாலரும் அதற்கு மேலும் பாக்கி வைத்ததால் அங்கே சுமார் 4 லட்சம் பேரின் அட்டைகள் முடக்கப்பட்டிருந்தன, அவர்களில் பாதிக்கு மேல் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். தொலைத்த நூலுக்கு விலை கட்ட வேண்டும் என்ற விதி இரண்டு ஊரிலும் அப்படியே இருக்கிறது. நம் ஊர் அபராதம் காசுக் கணக்கில்தான். ஆனாலும் ஆறு மாதம் கழித்து நூலோடு நூலகர் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு, அதைப் பரணில் போட்டுவிடுபவர்கள் இங்கும் உண்டு.

காலத்தோடு உதிர்ந்துபோன விதிகளையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் எழுதப்பட்டபோது அவையும் இதே அளவு தீவிரத்தோடு எழுதப்பட்டவை. 1890களில் பிரிட்டிஷ் நூலகங்கள் சில, வேலையற்றோர் பந்தயம் கட்டுவதற்காகவே வருகிறார்கள் என்று கருதி, நாளிதழ்களில் குதிரைப் பந்தயச் செய்திகளைக் கறுப்பு மசியால் மறைத்துவிட்டே மேசையில் வைத்தன. 1898இல் அங்கே நூலகக் குற்றங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. சத்தம் போடுவது, சூதாடுவது, மூடும் நேரத்துக்குப் பிறகும் வெளியேற மறுப்பது எல்லாம் தண்டனைக்குரியவை. தொற்றுநோய் உள்ளவர் நூலக நூலை எடுக்கக் கூடாது என்று 1907இல் சுகாதாரச் சட்டம் சொன்னது. கேலிக்குரியதாகத் தோன்றிய இந்த அச்சம் 2020இல் உயிர்பெற்றது. கொரோனா காலத்தில் பல நாட்டு நூலகங்கள், திரும்பி வந்த நூல்களைச் சில நாள் தனிமைப்படுத்தி வைத்தபிறகே அடுக்கில் ஏற்றின.

தமிழ்நாட்டில் இப்போது உண்மையான சண்டை நூலைப் பற்றியே அல்ல, நாற்காலியைப் பற்றி. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு நூலகத்தின் நூல் தேவையில்லை. சொந்தக் குறிப்பேடும் வழிகாட்டி நூல்களும் கையில் உண்டு. தேவைப்படுவது விசிறி, விளக்கு, குடிநீர், கழிப்பறை, தொந்தரவில்லாத எட்டு மணி நேரம். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேரோடு வசிப்பவருக்கு இவை வேறெங்கும் கிடைக்காது. “சொந்த நூல்களுக்கு உள்ளே அனுமதி இல்லை” என்ற பழைய விதி இவர்களை வாசலிலேயே நிறுத்தியது. 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், சொந்த நூல் படிப்போருக்கென்றே தரைத்தளத்தில் ஒரு பிரிவை ஒதுக்கியது. 2023 ஜூலையில் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் அப்படி ஒரு பகுதி உண்டு. பெரிய கட்டடத்தில் இது எளிது. இருபது நாற்காலி உள்ள கிளை நூலகத்தில் பதினெட்டு பேர் குறிப்பேட்டோடு அமர்ந்துவிட்டால், நாளிதழ் பார்க்க வரும் முதியவர் நின்றுகொண்டே படிக்க வேண்டும். நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து நான்கு பேர் கைமாற்றிப் படிக்கும் பழக்கத்தில் வளர்ந்த நம் நூலகங்களுக்கு, நாற்காலியை அப்படிப் பகிர இன்னும் விதி வகுக்கத் தெரியவில்லை. கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு டீக்கடைக்குப் போகிறவரை என்ன செய்வது என்பது எந்தப் பலகையிலும் இல்லை.

வசதிகளைப் பயன்படுத்துவதில் வாசகருக்கு விதி உண்டு, அரசுக்கு? அதே அண்ணா நூலகக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக 2011 நவம்பரில் அரசு அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அதன் அரங்கம் 2012இல் திருமண வரவேற்புக்கு வாடகைக்குப் போனதும் நீதிமன்றம் வரை சென்றது. டிபன் பொட்டலத்தை உள்ளே கொண்டுவந்த மாணவனை வெளியே அனுப்பும் விதி அமலில் இருந்த வளாகம்தான் அது.

ஜெராக்ஸ் எடுப்பதில் வாசகர்கள் நினைப்பதைவிடச் சட்டம் தாராளமானது. சொந்த ஆய்வுக்காக நியாயமான அளவு நகலெடுப்பதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் குற்றமாகக் கருதவில்லை. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத ஒரு நூலை, லாப நோக்கற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிகள் வரை நகலெடுத்து வைத்துக்கொள்ளவும் அது அனுமதிக்கிறது. அச்சில் இல்லாத தமிழ் நூல்களின் நொறுங்கும் ஒற்றைப் படிகளை வைத்துக்கொண்டு தவிக்கும் நூலகங்கள் இந்த வாசலை இன்னும் நிறையப் பயன்படுத்தலாம். மௌனம், கைபேசி, உணவு பற்றிய விதிகளில் விவாதிக்க அதிகமில்லை. அரிய நூல் பிரிவில் பேனாவுக்குப் பதில் பென்சில் என்பதும் அப்படித்தான், மசிக்கறை போகாது, பென்சில் கோடு போகும்.

பலகையில் நூலகத்தையே கட்டுப்படுத்தும் வரி ஒன்று உண்டு: திறந்திருக்கும் நேரம். தமிழ்நாட்டில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு திறந்திருக்கும் என்பதால் வேலைக்குப் போகிறவருக்கு அது நல்ல ஏற்பாடு. சிறிய நூலகங்கள் பல காலையிலும் மாலையிலும் திறந்து நடுப்பகலில் பூட்டிக்கிடக்கின்றன. வீட்டு வேலை முடித்த பெண்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் அந்த நடுப்பகல்தான். பகுதிநேர நூலகங்கள் சில மணி நேரம் மட்டுமே திறக்கின்றன. வாசகர் வர முடியாத நேரத்தில் நூல் அவரைத் தேடிப் போக வேண்டும் என்ற யோசனை இங்கே புதிதல்ல. 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டார ஊர்களுக்கு அனுப்பினார்கள். இப்போது ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் கிளை நூலகத்திலிருந்து நூல்களை எடுத்து, நடமாட முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோரின் வீடுகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே வாசலும் இல்லை, பதிவேடு வைத்த மேசையும் இல்லை, பை வெளியே வைக்க அடுக்கும் இல்லை. அப்படிப் போகும் நூல்களில் சில திரும்பாமல் போகும். அந்த இழப்பு தன்னார்வலர் தலையிலோ நூலகர் தலையிலோ விழாமல் இருக்க, ஆயிரத்துக்கு ஐந்து என்ற கணக்கை இந்த நூல்களுக்கு முதலில் எழுதி வைத்துவிடலாம்.